பாதிக் கோளாறு மாமாவுடையது

என் ஆசை அக்கா,

யாழினி இப்படிப் பிறந்தது, மாசமாக இருந்தபோது நீ கிரகணத்தில் வெளியே போனதால் இல்லையாம். உன்னைப் புதைத்து ஒன்றரை வருடம் கழித்துத் தெரிகிறது. இனித் தெரிந்து என்ன பிரயோஜனம்?

உன் மகளை நானும் மாமாவும் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். உடைந்து உதிரும் முடி, செதில் செதிலாக உரியும் தோல், வெயில் பட்டால் கொப்பளிக்கும் முகம், எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்றார் டாக்டர் அம்மா. நம் உடம்பில் ஜீனைப் படித்து நகலெடுக்கிற ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தனியாக வேலையைத் தொடங்காதாம். கூடச் சில புரதங்கள் வந்து சேர வேண்டும். அதில் ஒன்று டி.எஃப்.டூ.எச். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரித்துக் கொடுப்பது அது. வெயிலால் அங்கே உண்டாகும் பழுதைச் சரிசெய்யவும் அது வேண்டும். யாழினிக்கு அந்தப் புரதத்திலேயே கோளாறு.

"அம்மா கிட்டேர்ந்து ஒண்ணு, அப்பா கிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டு ஜீனும் பழுதா வந்தாத்தான் இந்த நோய். சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கே உன்னைக் கட்டிவைத்ததைச் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவிழ்ந்து ஓடிய ஆட்டைப் பிடிக்கத்தானே அன்று வெளியே போனாய்? அதற்கு எத்தனை ஏச்சு! முடி வளரட்டும் என்று தீர்த்தமலையில் மொட்டை போட்டு, உச்சி வெயிலில் படியேற்றி, பிள்ளையின் தலையெல்லாம் கொப்பளமானபோதும் உன்னைத்தானே திட்டினார்கள்? "நான் பண்ணின பாவம்டி" என்று நீயும் நம்பிக்கொண்டே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். வயிறு எரிகிறது அக்கா.

இன்னும் கேள். பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. அந்தப் புள்ளைக்கு ஆரு இருக்கா? வைகாசியில உனக்கும் மாமனுக்கும் முடிச்சுடலாம்."

அதே பழுது எனக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா காதில் வாங்கவே இல்லை. அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"என்ன இருந்தாலும் அவ அன்னிக்கு வெளிய போயிருக்கக் கூடாது."

எல்லாவற்றையும் கூட இருந்து கேட்ட மனிதர், அக்கா!

"பாதிக் கோளாறு உங்களுதுங்க மாமா" என்றேன்.

"பெரியவங்க கிட்டப் பேசற பேச்சாடி இது? வூட்டை வுட்டுப் போ" என்று அம்மா கத்தினாள். நான் போகவில்லை. அன்றிலிருந்து இருவரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

யாழினி என்னோடுதான் படுக்கிறாள். நேற்று என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். "சித்தின்னு கூப்பிடு சாமி" என்றேன். அழுதுவிட்டாள். நானும்தான்.

அவளை நான் வளர்ப்பேன். மாமாவுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன். உன் இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன் அக்கா, என்னையும்கூட.

உன் கூடப்பிறந்தவள்,
யாழினியின் சித்தி