பாடியவர் பெயர்

நம்ம எப்சிபாவோட நைனாவுக்கு,

திருப்பதி சபையில போடணும்னு கேட்டீங்களே, நம்ம பாட்டெல்லாம் பென்டிரைவில அனுப்பறேன். கம்ப்யூட்டர்ல தாறுமாறாக் கிடந்த இருநூறையும் வருஷவாரியாப் பிரிச்சிருக்கேன்.

எல்லாத்துலயும் பாடியவர்னு உங்க பேர் இருந்தது. நீங்க ஆர்மோனியம் வாசிச்சீங்க, பாடினது நான். அப்பவே கேட்டேன். "குடும்பத்துக்கு ஒரு பேர் போதும்"னீங்க. நீங்க கிளம்பிப் போயி ரெண்டு வருஷமாச்சு. இப்ப எது குடும்பம்னு நான் கேக்கல.

பேர் மாத்தறது எப்படின்னு மக எப்சிபாதான் காட்டினா. ஒவ்வொண்ணாக் கேட்டுக்கினே இருநூறுலயும் என் பேரைப் போட்டேன்.

அங்க உங்ககூட இருக்கிறவங்க பேர்ல இதை விடலாம்னு நினைக்காதீங்க. குரல் இருந்தா அவங்களே பாடட்டும்.

போன ஞாயிறு சித்தூர் சபையில தனியா நின்னு பாடினேன். ஆர்மோனியம்கூட இல்ல. குரல் நடுங்கல.

இப்படிக்கு,
பாடினவள்