சிவப்புத் துணி கட்டிய ஒயர்

என் அம்மாவுக்கு,

இன்று செம்பூரில் ரயில் ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது. குர்லாவில் இறங்காமல் வடாலா வரை தூங்கிப் போய்விட்டேன். அவ்வளவு அசதி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கண்மூடும்வரை உனக்குச் சரியாகப் புரியவில்லை. "எம் மவ கம்பெனில சுவிட்சு பாக்கா" என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தாய். மேல்வீட்டு அக்கா இன்னும் கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி, பேன் சுத்த மாட்டேங்கு, சுவிட்ச கொஞ்சம் பாரேன். காலேஜ் படிச்சவதான?" நானும் ஸ்க்ரூடிரைவரோடு போகிறேன்.

அந்த சுவிட்ச் இல்லை அம்மா. பாய்லரில் நீராவி அழுத்தம் அளவை மீறினால் தீயைத் தானே நிறுத்துகிற சுவிட்ச். அதைக் கழற்றி, கைப்பம்பில் மெல்ல அழுத்தம் ஏற்றி, சரியான அளவில் 'டக்' என்று விழுந்து இணைப்பை அறுக்கிறதா எனப் பார்ப்பதுதான் என் வேலை. அதுவரை பாய்லர் நிற்காமலிருக்க, சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்துவைப்போம். ஒயர் இருக்கும்வரை அழுத்தம் மீறினாலும் தீ தானே நிற்காது; அந்த நேரத்தில் காவல், பக்கத்தில் நிற்பவரின் கண்கள்தான். வேலை முடிந்து ஒயரை எடுக்க மறந்தவர்கள் உண்டு. சுவிட்சுப் பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது.

நீ எதை மறக்கக்கூடாதோ அதற்குச் சேலை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாய். அதனால்தான் உன் சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்து என் ஒயரில் கட்டியிருக்கிறேன். அது மூடிக்கு வெளியே தொங்கும். கிழித்ததற்குத் திட்டுவாயா?

இன்று தேவ்நார் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அழுத்தம் அளவைத் தாண்டியும் சுவிட்ச் விழவே இல்லை. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். புதிது வர இரண்டு நாளாகும்.

"அரே மேடம், ஒயர் ரஹ்னே தோ. தோ தின் கி தோ பாத் ஹை" என்றார் சூப்பர்வைசர். இரண்டு நாள்தானே, ஒயர் அப்படியே இருக்கட்டுமாம்.

பாய்லர் பார்க்கிற முருகேசன் அண்ணன், நம் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

எனக்கு விதியெல்லாம் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ரேஷன் கடையில்கூட எனக்காக நீதானே பேசுவாய்? கடைசியில் வந்தது இதுதான்: "யே மேரி மா கி சாடி ஹை. சோட்கே நஹி ஜாவூங்கி." அம்மா சேலையை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று!

சூப்பர்வைசர் அந்த இத்தனூண்டு துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாகல் ஹை க்யா?" பைத்தியமா என்று கேட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முருகேசன் அண்ணன்தான் மூடியைத் திறந்துவிட்டார். "எடுத்துக்கிடும்மா. எம் பொண்டாட்டிக்கு நான் முழுசா வேணும்லா."

எடுத்தேன். இணைப்பு அறுந்து தீ நின்றது.

"நான் போனப்புறம் வேற ஒயர் போட்டா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நீங்களே நின்னு எரிச்சிக்கிடுங்கன்னுட்டு நடையக் கட்டிருவேன்."

செய்வாரா அம்மா? அவருக்கும் வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இருக்கிறது.

சூப்பர்வைசர் எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார். நாளைக் காலையில் வரச்சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை இருக்குமா தெரியவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை. எண்ணெய்க்கறை போகத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

இந்த வேலை போனாலும் இன்னொன்று தேடிக்கொள்வேன். ஆனால் நான் போட்ட ஒயரை எடுக்காமல் எந்தப் பாய்லரை விட்டும் வரமாட்டேன். இந்தத் துணி நைந்துபோனால் என்ன? உன் சேலையில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

சுவிட்சு பார்க்கிற உன் மகள்,
பேச்சி