தலையாட்டின பாவம்

சேசு மரி சூசை துணை

அரியூர்
1959 அக்டோபர் 26, திங்கட்கிழமை

என் ஆசை மவன் ராயப்பனுக்கு உன் அம்மா ரோசம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கிறது. சர்வேசுரன் கிருபையால இங்க நானும் அப்பாவும் அக்காவும் கொழந்தையும் உடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், பங்களூர் குளுருல நீ எப்படி இருக்கேன்னுதான் நெனப்பு. இங்க மழை புடிச்சு எட்டு நாளாச்சு, வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயி வர்றதுக்குள்ள பொடவை முழங்கால் வரைக்கும் சேறாவுது. கூரைக்குப் புதுக் கீத்து போட்டது நல்லதாப் போச்சு, அடுப்படிகிட்ட மட்டும் ஒழுவுது, ஒரு குண்டான் வெச்சிருக்கேன். அப்பா முட்டி வலியோடவே வரப்பு கழிக்கப் போறாரு, சொன்னா கேக்குற ஆளா அவரு. உன் அக்கா காசம்மாள் கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு, மாமன்காரன் வரலியான்னு எல்லாரும் கேட்டாங்க, அவனுக்கு லீவு இல்லேன்னு சொன்னேன். போன புதங்கிழமை உன் கடுதாசி வந்துது. அதைப் பத்தி எழுதத்தான் குந்தினேன், மழையும் கூரையும் எழுதிக்கினு இருக்கறது அதுக்கு மனசு வராமத்தான்.

நீ எழுதினதை நான் ஏழெட்டு வாட்டி படிச்சுட்டேன். உங்க காலேஜில புதுசா சேந்த லெக்சரருங்களுக்கு ஒத்தாசையா மணவாளன்னு ஒரு பெரியவரை வெச்சிருக்காங்க, முப்பது வருசம் பாடம் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவரு, அவரு உங்க கிளாசுல கடைசி பெஞ்சில வந்து குந்திக்கினு கேப்பாரு, அப்புறம் தனியா கூப்புட்டு எந்த எடத்துல பசங்க மொகம் வாடுச்சு, அந்த எடத்தை வேற மாதிரி எப்படி சொல்லலாம்னு பேசுவாரு, பிரின்ஸ்பால்கிட்ட ஒரு வார்த்தை போய் சொல்ல மாட்டாருன்னு எழுதியிருந்தே. மத்த மூணு புது ஆளுங்களும் சரின்னுட்டாங்க, நீ ஒருத்தன்தான் மாட்டேன்னுட்டே. மொதப் பரீச்சையில உன் கிளாசு அறுவது பசங்கள்ல நாப்பத்தி மூணு பேரு பெயிலு. எதனாலன்னு பிரின்ஸ்பால் எல்லாரையும் வெச்சுக்கினு கேட்டதுக்கு நீ எழுந்து நின்னு, இதே பாடத்தை எங்க ஊருல கூரை வூட்டுல வெச்சு மூணாங் கிளாசு படிச்ச எங்கம்மாவுக்குச் சொன்னேன், அவங்களுக்கு ஒரே வாட்டியில புரிஞ்சுது, இவங்களுக்குப் புரியலேன்னா கொறை என்கிட்ட இல்லேன்னு சொன்னியாம். நவம்பர் பதினஞ்சுக்குள்ள அந்தப் பெரியவரை கிளாசுல சேத்துக்க, இல்லேன்னா அடுத்த வருசம் வேலையை உறுதி பண்றது கஷ்டம்னு பிரின்ஸ்பால் சொன்னதையும் எழுதிட்டு, நீ கவலைப்படாதே அம்மா, எனக்கு நீதான் சாட்சின்னு முடிச்சிருந்தே.

ராயப்பா, உன் சாட்சி பொய் சாட்சிடா. எனக்கு ஒண்ணுமே புரியலே.

எழுதிட்டேன். இதை எழுத அஞ்சு நாளாச்சு. நீ வேலையில சேர்றதுக்கு முன்னாடி வைகாசியில இங்க வந்திருந்தப்போ, மொத நாள் பாடத்தைச் சொல்லிப் பாக்குறேன்னு கதவுல சாக்குக்கட்டியால படம் போட்டு எங்களையெல்லாம் பாயில குந்த வெச்சியே, அன்னிக்கு. நான், அப்பா, வயித்தைத் தள்ளிக்கினு உன் அக்கா, பக்கத்து வூட்டு செங்கமலம், கோயில் உபதேசியார் முத்துசாமி, அஞ்சு பேரு. ஐஸ் கட்டி கரையுறப்போ சூடு எங்க போவுதுன்னு நீ ஆரம்பிச்சே. ஐஸ் கட்டியை நான் கையால தொட்டதே கெடையாது. புதுச்சேரி கடைத்தெருவுல ஒரே ஒரு வாட்டி சோடாக் கடையில மரத்தூளுக்குள்ளேருந்து எடுத்தப்போ தூரத்துல நின்னு பாத்தேன், அவ்வளவுதான். நீ படபடன்னு சொல்லிக்கினே போறே, நான் அந்த மரத்தூளுலயே நின்னுக்கினு இருக்கேன், மரத்தூள் எதுக்கு, அது சூட்டைக் குடுக்குமா தடுக்குமான்னு. அந்தக் கேள்வியோட நான் எறங்கிட்டேன், உன் வண்டி எங்கியோ போயிடுச்சு. நீ நிறுத்தி, புரிஞ்சுதாம்மான்னு கேட்டே. நல்லாப் புரிஞ்சுதுன்னு தலையாட்டினேன். மூணு வாட்டி கேட்டே, மூணு வாட்டியும் ஆட்டினேன். அப்புறம் நீ, எங்க, நீ திருப்பிச் சொல்லு பாக்கலாம்னே. நான் சோறு தீயுதுன்னு எழுந்து ஓடினேனே, ஞாபகம் இருக்கா. அன்னிக்கு அடுப்பே பத்த வெக்கலே. அடுப்படியில போயி சும்மா நின்னுட்டு வந்தேன்.

அதோட விட்டேனா. உன் அக்கா ஒருத்திதான் வாயைத் தொறந்தா. தம்பி, எனக்கு வெளங்கலேப்பா, அந்த சூடு ஒளிஞ்சிருக்குதுன்னியே அந்த எடத்துலேருந்து இன்னொரு வாட்டி சொல்லுன்னு கேட்டா. நான் பாய்க்கு அடியில கையை வுட்டு அவ தொடையைக் கிள்ளினேன். உனக்கு என்னிக்குதான் எது வெளங்கியிருக்கு, அவன் எம்மாம் பெரிய படிப்பு படிச்சுட்டு வந்து சொல்றான்னு ஏசினேன். புள்ளத்தாச்சி அவ, கண்ணுல தண்ணியோட எழுந்து போனா. நீயும் சிரிச்சுட்டு, அக்கா எப்பவுமே இப்படித்தான்னே. அந்த வூட்டுல அன்னிக்கு உனக்கு ஒத்தாசை பண்ணப் பாத்தவ அவ ஒருத்திதான், அவளை நான் வாயடைச்சேன். உன் கிளாசுல நாப்பத்தி மூணு பசங்க பெயில் ஆனதுல அந்தக் கிள்ளுக்கும் பங்கு இருக்குதுன்னு எனக்குத் தோணிக்கினே இருக்கு.

இன்னாத்துக்கு இப்படி செஞ்சேன்னு நீ கேப்பே. நானே என்னைக் கேட்டுக்கிட்டேன். நாங்க அப்படியே பழகிட்டோம்டா. பூசையில சாமியாரு லத்தீன்ல சொல்றாரு, மணி அடிச்சா முழங்கால் போடுறோம், மறு மணிக்கு எழுந்துக்கறோம், நாப்பது வருசமா ஒரு வார்த்தை தெரியாது. பொறப்புப் பதிய, வரி கட்டப் போற மேரி ஆபீசுல குமாஸ்தா பிரெஞ்சுக் கடுதாசியைப் படிச்சுக் காட்டி வெளங்குச்சான்னு கேட்டா உங்க அப்பா வெளங்குச்சு மெஸியே, வெளங்குச்சு அய்யான்னு கைநாட்டு வெச்சுட்டு வருவாரு, வெளங்கலேன்னு சொன்னா மறு நாளும் வேலையை வுட்டுட்டுப் போயி நிக்கணும். வெள்ளைக்காரன் போயி அஞ்சு வருசம் ஆவுது, கடுதாசி இங்கிலீசுக்கு மாறிடுச்சு, தலையாட்டுறது மாறலே. ஆனா அதை மட்டும் சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். சாமியாருகிட்டயும் குமாஸ்தாகிட்டயும் ஆட்டினது பயத்துல. உன்கிட்ட ஆட்டினது வேற. புரியலேன்னு சொன்னா, நான் பெத்த புள்ள என்னை வுட்டு எம்மாந் தூரம் போயிட்டான்னு எனக்கே தெரிஞ்சுடும், உனக்கும் தெரிஞ்சுடும். அது தெரிய வாணாம்னு நெனச்சேன். அது என் ஆசைக்குச் செஞ்சது, உன் நல்லதுக்கு இல்லே.

உன் கடுதாசி வந்த அன்னிக்கு அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாரு, பங்களூர்ல பிரின்ஸ்பால் முன்னாடி என் பொஞ்சாதி பேச்சு எடுபட்டுதுன்னு. மெதுவா அவரைக் கேட்டேன், உங்களுக்கு அன்னிக்குப் பாடம் புரிஞ்சுதான்னு. நீ ஆட்டினே, நானும் ஆட்டினேன், பொம்பளைக்கே புரியுது நமக்குப் புரியலேன்னு எப்படிச் சொல்றதுன்னாரு. செங்கமலத்தைக் கேட்டேன், அவ உன் சட்டையோட இஸ்திரி மடிப்பைப் பாத்துக்கினு இருந்தாளாம். உபதேசியார்கிட்ட போனேன், படிச்ச மனுசனாச்சேன்னு. அவரு, ரோசம்மா, நீ தலையாட்டுனதைப் பாத்துதான் நான் கை தட்டுனேன்னாரு. ஆக மொத்தம் அஞ்சு பேருக்கும் புரியலே, அதுல ரெண்டு பேரு என் தலையைப் பாத்து நடந்திருக்காங்க, என் தலைக்குள்ள வெறும் மரத்தூளு. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரோ இருமுனாரோ தெரியலே, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு, மத்தது என்கிட்ட சொல்லி ஆவாது உன் மவங்கிட்ட சொல்லுன்னுட்டாரு. அக்காகிட்டயும் மன்னிப்பு கேட்டேன். அவ கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினே, இப்பவாவது கேட்டியேன்னா.

ராயப்பா, உன்னை நான் கொறை சொல்லலே. ஐஸ் கட்டியையே தொட்டுப் பாக்காதவங்களுக்கு ஐஸ் கட்டியை வெச்சு சொல்றோமேன்னு உனக்கு யாராவது சொல்லியிருந்தா நீ அன்னிக்கே மாத்திக்கினு இருப்பே, உனக்கா அறிவில்லே. யாரும் சொல்லலே, சொன்னவளையும் நான் வுடலே. உன் பசங்களும் எங்களை மாதிரிதான் இருப்பாங்க, நீ கேட்டா தலையாட்டுவாங்க, பரீச்சைத் தாள் வந்தாத்தான் தெரியும். அந்தப் பெரியவரு பின்னாடி குந்திக்கினு அவங்க மொகத்தைப் பாப்பாருன்னா அது உனக்கு அவமானம் இல்லடா. பாடம் சொல்ற நீ பலகையைப் பாக்குறப்போ, பின்னாடி யாராவது பாக்கணும். நீ என்னைச் சாட்சிக்குக் கூப்புட்டு நின்ன எடத்துல, அம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு எப்படிப் போயி நிப்பேன்னு உனக்கு இருக்கும். என் மேல போட்டுடு. எங்கம்மா அதிகம் படிக்காதவங்க, மவன் மேல இருக்குற ஆசையில பொய் சொல்லிட்டாங்கன்னு சொல்லு. எனக்கு அதுல கொறைச்சல் ஒண்ணுமில்லே, உள்ளதுதான அது.

இதுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கறது அந்த மணவாளன் அய்யாவுக்கு நான் எழுதினது. நாலு வரிதான், அய்யா, என் மவன் பொய் பேசலே, நான்தான் அவங்கிட்ட பொய் பேசினேன், எனக்கு அவன் பாடம் வெளங்கலே, நீங்க தயவு பண்ணி அவன் கிளாசுல வந்து குந்தணும்னு. நேரா காலேஜுக்கே தபால்ல போட்டுடலாம்னு எடுத்துக்கினு கெளம்பிட்டேன், உன் அக்காதான் வாசல்ல மறிச்சா. அவன் எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு ஒரு வாட்டி நீ முடிவு பண்ணினது போதும், இதை அவன் கையில குடு, அவன் பாத்துக்கட்டும்னா. சரின்னு பட்டுது. அதனால ஒட்டாம வெச்சிருக்கேன், நீ படிச்சுக்க.

குளுருக்குக் கம்பளி வாங்கிக்க, வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே, ஞாயித்துக்கெழமை பூசை தவறாதே. வில்லியனூர் மாதா உன்னையும் உன் கிளாசு பசங்க அறுவது பேரையும் காப்பாத்தட்டும்னு தெனம் வேண்டிக்கிறேன், பெயிலான நாப்பத்தி மூணு பேருக்குத் தனியா வேண்டிக்கிறேன். ஒண்ணு மட்டும் மறக்காதே. அந்தக் கடுதாசியை அவருகிட்ட குடுத்தா குடுத்தேன்னு எழுது. கிழிச்சுப் போட்டா கிழிச்சுட்டேன்னு எழுது, நான் கோவிச்சுக்க மாட்டேன். என் மனசு நோவக் கூடாதுன்னு நெனச்சு, குடுக்காமலே குடுத்துட்டேன்னு மட்டும் எழுதிடாதே. ஆசையில சொல்ற பொய் ஒருத்தரை எங்க கொண்டு போயி நிறுத்துதுன்னு நான் உன்னைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன், நீயும் என்னை அங்க நிறுத்தாதே.

உனக்குக் கடன்பட்ட மனசோட,
உன் அம்மா
ம. ரோசம்மாள்