பதினெட்டு மீட்டர்

தம்பிக்கு,

சனிக்கிழமை நீ நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தாய். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு நீ கொடுத்த பெனால்டி, பெனால்டியே இல்லை. ஆட்டம் சமமாக முடிந்திருந்தாலே போதும், பதினைந்து வயதுப் பிள்ளைகள் மாவட்ட லீக்குக்குப் போயிருப்பார்கள்.

"ஒக்னியான், கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியாப்பா?" என்று ரொட்டிக்கடை ஸ்த்ராவ்கா கத்தினாள். நீ அவளை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, "கோட்டுக்குள்ளதான் நம்ம பையன் தள்ளிவிட்டான்ணே. கோடு நீ போட்டதுதானே?" என்றாய். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நடுவராக இருந்தாலும் அண்ணனிடம் பேசுகிற பேச்சா அது?

இருபது வருடமாகக் காலடியால் அளந்துதான் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. இருந்தாலும் ஞாயிறு காலை அளவு நாடா வைத்துப் பார்த்தேன். கோல் கோட்டிலிருந்து பதினாறரை மீட்டரில் இருக்க வேண்டிய பெனால்டி எல்லைக் கோடு, பதினெட்டில் இருக்கிறது. எதிரணிப் பையன் விழுந்த இடம் பதினேழேகால். ஆக, விழுந்தது சரியான எல்லைக்கு வெளியேதான். நான் சொன்னதுதான் சரி.

இந்தக் கணக்கை நீ லீக்குக்கு எழுத வேண்டும். பயிற்சியாளர் ஸ்தாமென் மறு ஆட்டம் கேட்க வேண்டும். கோடு போட்டது யார் என்று கேட்டால் என் பெயரையே எழுது, கையெழுத்துப் போடுகிறேன். புதுக் கோட்டுக்கு நாடாவின் ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனையைப் பிடிக்க நீ வர வேண்டும்.

உன் அண்ணன்