அக்கா வீட்டுத் தொட்டி வற்றாத காரணம்

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் வீட்டு நிர்வாகம் என் கையில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே சரக்கில்லை. இப்போது கோவில்பட்டியில் குழாய் விஷயம் என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சேதி இதுதான். உன் மகள் உமா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தாய்வீட்டில்தான் பெற வேண்டும் என்பது வழக்கம். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது? நான் இருக்கிறேன் என்று அவள் மாமியாரிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

வந்த நேரம், ஊரே நல்ல தண்ணீருக்குத் தவிக்கிறது. நம் மாடியில் நல்ல தண்ணித் தொட்டி மட்டும் வற்றவே இல்லை. நகராட்சித் தண்ணீர் வராத நாளிலும் ததும்பி வழிந்தது. சும்மா இருப்பேனா? பிள்ளைத்தாச்சி கால் வைத்த ராசி என்று தெரு முழுக்கச் சொல்லி, குடம் குடமாகக் கொடுத்தேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி குடத்தைக் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அத்தான் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்; அவருக்கு உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். அன்றைக்கென்று பசுவந்தனையிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, இது காப்பியா, ரசமா? பிள்ளத்தாச்சிக்கு இந்த உப்புத் தண்ணியவா குடுக்குதீங்க?"

"மதினி, நம்ம கரிசக்காட்டுத் தண்ணியில சத்து கூட."

"அந்தச் சத்த நீங்களே வச்சிக்கிடுங்க. சாயங்காலம் எம் மருமகளக் கூட்டிட்டுப் போறேன்."

பெறுவதற்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு உன் படத்துக்கு முன்னால் எப்படி நிற்பேன், அக்கா? அந்த நேரம் பார்த்துக் குளியலறையிலிருந்து உமா கூப்பிட்டாள்.

"மாமா, வெந்நீர்ப் பக்கம் திருப்புனாலும் ஷவர்ல வெதுவெதுன்னுதான் வருது. வாயில பட்டா உப்பு."

எனக்குப் பளிச்சென்றது. கீசர் கெட்டுப்போகாதிருக்க அதற்கு நல்ல தண்ணீர். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர்; அதற்கு மாடியில் தனித் தொட்டி. இரண்டும் சேரும் இடம் அந்த ஷவர் மிக்சர். அதன் உள்வால்வு கெட்டு, உயரத்தில் இருக்கும் போர் தொட்டித் தண்ணீர் கீசர் வழியாகப் பின்னோக்கிப் போய் நல்ல தண்ணித் தொட்டியை நிரப்பியிருக்கிறது! கீசருக்குப் போகும் வால்வை மூடினேன். தொட்டி வழிவது நின்றது.

"ஏட்டி, கண்டுபிடிச்சிட்டேன்!"

"நான் சொல்லித்தானே, மாமா."

"நீ சொன்ன. கண்டுபிடிச்சது நான்."

இரண்டு தொட்டியையும் அடைத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி, உள்வால்வை உருவினேன். அதில் இருந்த உப்பு குளத்தூர் உப்பளத்தில் ஒரு பாத்திக்கு ஆகும். வினிகரில் ஊறப்போட்டேன். உப்பு கரைந்தது, ஆனால் ரப்பர் வளையங்கள் பிளந்திருந்தன. அதே அளவில் புதியது வாங்கி மாட்டி, கீசருக்குத் தண்ணீர் பின்னால் போகாதபடி ஒருவழி வால்வும் வைத்தேன். தொட்டியைக் கழுவி லாரித் தண்ணீர் இறக்கினேன். அவ்வளவு நேரமும் சம்பந்தியம்மா பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

புதுக் காப்பி வந்தது. மெதுவாகக் குடித்து முடித்தார்.

"பிள்ள இங்கனயே இருக்கட்டும்."

நான் மீசையைத் தடவினேன்.

"ஆனா ஒங்கள மட்டும் நம்பி விட முடியாது, அண்ணாச்சி. பேறுகாலம் முடியுறவரைக்கும் நானும் இங்கனதான்."

உமா சிரித்துக்கொண்டே அந்தப் பையை வாங்கிக்கொண்டுபோய் உன் அறையில் வைத்தாள். உனக்கும் சம்மதம்தானே?

உப்புப் பிடிக்கவிடாமல் அந்த வால்வை அவ்வப்போது கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பேன். உன் பேரப்பிள்ளையின் முதல் குளியலுக்குச் சூட்டைக் கையில் பார்த்து, உப்பை நாக்கில் பார்த்து, அதற்கு அப்புறம்தான் ஊற்றவிடுவேன். இது வாக்கு.

இப்படிக்கு,
உமாவுக்குத் தாய்மாமனும் தற்காலிகத் தாயுமாகிய
உன் தம்பி