மொதல்ல நடை, அப்பால படி

நேற்று என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது, அந்த உறைக்குள்ளிருந்து பச்சைக் கட்டம் போட்ட வரைபடத்தாள் ஒன்று விழுந்தது. உன் கைவேலைதான். பென்சிலை அப்படி அழுத்துவாய். தாளின் பின்பக்கம் இன்னும் புள்ளி புள்ளியாக விரலில் தட்டுப்படுகிறது. (3, 4) என்று பக்கத்தில் எழுதிவிட்டு, புள்ளியை மூன்று கட்டம் மேலேயும் நான்கு கட்டம் வலப்பக்கமுமாக வைத்திருக்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உன்னோடு சண்டை போட அதற்குள் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

தொண்ணூறுகளில் தி.நகர் புடவைக்கடையில் நாம் இருவரும் விற்பனைப் பெண்கள். நான் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், நீ சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ரயிலில். இருவருமே பள்ளியில் கணக்கில் கோட்டை விட்டவர்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு கடை மூடும்வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும். உட்கார்ந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வயதிலேயே உன் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்தது. பில் போடுகிற இடத்தில் மட்டும்தான் நாற்காலி உண்டு, அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். தனித்தேர்வு எழுதலாம் என்று என்னை இழுத்ததே நீதான்.

"புடவை மடிக்கிறவளுக்கு கிராப் பேப்பர் எதுக்கும்மா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

"உக்காந்துகினு வேலை செய்யத்தான் சார்" என்றாய். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். மாடிப்படித் திருப்பத்தில் தயிர்சாதத்தை ஒரு கையிலும் புத்தகத்தை மடியிலும் வைத்துப் படிப்போம். முதல் எண் x, பக்கவாட்டில். இரண்டாவது எண் y, மேல்நோக்கி. நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ மாற்றித்தான் வைப்பாய். காரணம் கடைதான். "மூணு, நாலு!" என்று சூப்பர்வைசர் கத்தினால் மூன்றாவது மாடி, நான்காவது அலமாரி என்று அர்த்தம். முதலில் உயரம், அப்புறம்தான் பக்கம். நாலு வருஷப் பழக்கம் ஒரு பாடத்தில் போய்விடுமா?

போதாக்குறைக்கு, ஆதிப்புள்ளியிலிருந்து தூரம் கேட்டால் உனக்குச் சரியான விடையே வந்து தொலைக்கும். "மூணு நாலுன்னாலும் அஞ்சுதான், நாலு மூணுன்னாலும் அஞ்சுதான். அப்பால இன்னாடி உனுக்கு?" என்பாய். தூரத்துக்கு அது பொருந்தும், சாய்வுக்குப் பொருந்தாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். ஆதிப்புள்ளியிலிருந்து (2, 4) வரை போகும் கோட்டுக்குச் சாய்வு இரண்டு. உன் தாளில் அது அரை என்று வரும்.

முடிவு வந்தது. நான் பாஸ். நீ கணக்கில் முப்பத்தொன்று. பாஸாக இன்னும் நாலு மார்க். காலியாக இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். நீ என்னை அதட்டினாய்: "லூசா நீ? கெடைச்ச சீட்டை வுட்டுட்டு எங்கூட நின்னா என் கால்வலி கொறைஞ்சிடுமா? போய் உக்காரு."

உட்கார்ந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ நின்றாய், நான் உட்கார்ந்தேன்.

லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நாமெல்லாம் தரைத்தளத்தின் கடைசிவரை நடந்து, அங்கே இருக்கும் படியில்தான் ஏறவேண்டும். ஒரு நாள் கை நிறையப் புடவையோடு படியை நோக்கிப் போனவள், பாதியில் நின்று என் மேஜைக்கு ஓடி வந்தாய்.

"ஏய், மாட்டிக்கிச்சுடி! கீய நடந்தாத்தானே படியாண்ட போவ முடியும்? நடக்காம எவ ஏறுவா? மொதல்ல நடை, அப்பால படி! மைனஸ் வந்துச்சுன்னா கீய இருக்குற கொடோனுக்கு எறங்கிக்க வேண்டியதுதான்!"

எந்த டுடோரியலிலும் இப்படிச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எத்தனை அடி நடந்தால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதுதான் சாய்வு என்று அதற்கப்புறம் நீயே எனக்குச் சொன்னாய். அக்டோபரில் மறுபடி எழுதினாய். கணக்கில் ஐம்பத்தெட்டு.

மார்க் ஷீட்டோடு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாய். "கம்ப்யூட்டர் வந்துடுச்சும்மா. இனிமே பன்னெண்டாவது வேணும்" என்றார்.

"இன்னா சார், கோட்டை அயிச்சி அயிச்சி மேல போட்டுக்கினே போறீங்க?" என்று கேட்டுவிட்டு, உன் கவுன்டருக்குத் திரும்பிப் போனாய். அதற்கப்புறம் பதினாறு வருஷம் நின்றாய். காலில் வந்த புண் கடைசிவரை ஆறவில்லை. அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இப்போது நான் மயிலாப்பூரில் ஒரு கடைக்கு மேனேஜர். ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். "பொண்ணுங்க தூங்கிடுவாங்கம்மா, எடுத்துடுங்க" என்று முதலாளியின் மகன் போன வாரம் சொன்னார்.

"தூங்கினா நான் எழுப்பிக்கறேன் சார். ஸ்டூலை எடுக்க மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துடுங்க" என்றேன். அவர் போய்விட்டார். மறுபடி வருவார், தெரியும். வரட்டும்.

ஸ்டூல் இருந்தும் இந்தப் பெண்கள் பயந்துபோய் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். நீ என்னை அதட்டிய அதே குரலில்தான் நானும் அதட்டுகிறேன்: "லூசா நீ? உக்காரு."

உட்காருகிறார்களடி.