வாகை நின்ற இடம்

மலை முகாம்
11.8.2025, திங்கள்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் முத்தழகு குளிரில் பல் தந்தியடிக்க எழுதுவது. நான் சுகம். நீங்கள் உத்தரகோசமங்கை வெயிலில் சுகமாகக் காய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே போனில் டவர் கிடையாது. தினமும் காய்கறி வாங்க ஜீப் கீழே போய் வரும். ஓட்டுகிற சுரேஷ் தம்பி, "பேப்பர்ல எழுதிக் குடுங்கக்கா, டவர் கிடைக்கிற இடத்துல போட்டோ புடிச்சு அண்ணனுக்கு அனுப்பிடுறேன்" என்றார். நீங்களும் எழுதி அவர் போனுக்கு அனுப்புங்கள். வழியில் படித்துவிடுவார். படிக்கட்டும். என் மூணாங்கிளாஸ் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் ஊருக்கே திரும்பிவிடுவேன்.

மலையில் ஒரு வாரம் காடு உண்டாக்கணும், கூலி இல்லை, சோறும் கம்பளியும் உண்டு என்று மகளிர் குழுவில் சொன்னபோது நான் வேடிக்கைக்குத்தான் உங்களிடம் கேட்டேன். அம்மா வீட்டுக்கு ஒரு ராத்திரி போகணும் என்றாலே "எனக்கு யார் சோறு வைப்பா" என்கிற மனுஷன், பையைக் கட்டி, பஸ்ஸில் துண்டு போட்டு ஜன்னல் சீட்டுப் பிடித்தீர்கள். பக்கத்தில் இருந்த சோலையம்மாள், "ஒம் புருஷனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாடி?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நம்ம ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரி இங்கே சீகை மரம். எவனோ கொண்டுவந்து விட்டது மலையை மூடிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழைய காட்டு மரங்களை நடுகிறோம். எங்களை நடத்துகிற கபீர் கீழக்கரைப் பிள்ளை.

நம்ம நிலத்து வாகை மரத்தடியில் என் முறம் கிடக்கிறது, எடுத்து வையுங்கள். அடுத்த வெள்ளாமைக்கு மிளகாய்க் காம்பு கிள்ள வேண்டும். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுச் சோலார்க்காரன் வந்தால் மோர் கொடுத்து அனுப்புங்கள். நிலம் என் பேரில் இருக்கிறது. வாகையை வெட்டினால்தான் தகடு போட முடியும் என்கிறவனுக்குக் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

முத்தழகு

ஊர்
12.8.2025

அன்புள்ள முத்தழகுக்கு,

இங்கு நலம். ரசம் வைத்தேன், ரசம் மாதிரி வரவில்லை. முறத்தை எடுத்து வைத்துவிட்டேன். வெயில் கொடுமை. ஆடுகள் பாவம், மத்தியானம் கொட்டகைக்குள் கட்டுகிறேன். சோலார்க்காரர் யாரும் வரவில்லை. ஒரு வாரம் போதாவிட்டால் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டு வா. மலைக்காற்று உடம்புக்கு நல்லது.

தர்மராஜ்

மலை முகாம்
13.8.2025

அன்பு மச்சானுக்கு,

எங்கள் பவிசைக் கேளுங்கள். திங்கட்கிழமை நட்ட கன்றுக்கெல்லாம் நாங்கள் ஆழமாகக் குழி எடுத்து, சுற்றி வரப்பு அணைத்துப் பாத்தி கட்டினோம். யாரும் சொல்லவில்லை, கை தானாகக் கட்டியது. ராத்திரி மழை ஊற்றியது. விடிந்து பார்த்தால் கன்றெல்லாம் கழுத்தளவு தண்ணீரில் குளிக்கிறது.

கபீர் தலையில் கை வைத்துவிட்டான். "ஒரு சொட்டு விடாம புடிச்சு வைக்க இது நம்ம ஊராக்கா? வேர் அழுகிரும்."

"தண்ணி வேணாங்கிற ஊர நாங்க எங்கப்பா கண்டோம்?" என்றேன். நேற்றுப் பகல் முழுக்க, கட்டின வரப்பை நாங்களே வெட்டினோம். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

இதைச் சிரிப்பாக எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடுதாசியை இன்னொரு தரம் படித்தேன். மச்சான், ஆடு ஏன் கொட்டகைக்குள் நிற்கிறது? எந்தக் கோடையிலும் மத்தியானம் அது வாகை நிழலை விட்டு நகராதே. கயிறு போட்டு இழுத்தாலும் வராதே.

பதில் எழுதுங்கள். ரசத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

முத்தழகு

ஊர்
14.8.2025

முத்தழகு,

வெட்டியாச்சு. நீ பஸ் ஏறின அன்றைக்கே. நீ இருந்தால் விடமாட்டாய்.

என் பக்கத்தையும் யோசி. மழை பெய்தால் மிளகாய் அழுகுது, பெய்யாவிட்டால் கருகுது. சோலார்க்காரர் வருஷா வருஷம் குத்தகை தருவார். இனிமேல் குனிந்து நிமிர உனக்கும் முடியுமா? உனக்காகவும்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜேசிபி வந்து வேரைத் தோண்டிவிடும். நீ வந்ததும் நிதானமாகப் பேசுவோம்.

தர்மராஜ்

மலை முகாம்
14.8.2025, சாயங்காலம்

தர்மராஜ் அவர்களுக்கு,

சுரேஷ் தம்பி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இதைப் படி.

நான் இங்கே எவன் மலைக்கோ கூலி இல்லாமல் கன்று நடுகிறேன். அட்டை கடித்த காலோடு நடுகிறேன். என்னை இங்கே அனுப்பிவிட்டு அங்கன என் மரத்தை வெட்டியிருக்கிறீர்கள். ஜன்னல் சீட்டு எதற்கு என்று இப்போது புரிகிறது. திரும்பிப் பார்க்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகட்டும் என்று.

எனக்காகவா? எனக்கு முடியுமா முடியாதா என்று என்னிடம் கேட்டீர்களா? அந்த நிழலில் குந்தித்தான் அத்தனை பொம்பளைகளும் காம்பு கிள்ளினோம். உங்களைக் கேலி பேசினதும் அங்கனதான். இனி எங்கே உட்கார்ந்து பேசுவது, தகட்டுக்கு அடியிலா? மிளகாய் ஏமாற்றினால் வானத்தைத் திட்டிவிட்டுப் போவேன். நீங்கள் ஏமாற்றினதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கே சீகையை வெட்டினால் அடிக்கட்டை மறுபடியும் தழைத்துவிடும் என்று பட்டையை உரித்துப் போடுகிறோம். வேண்டாத மரத்துக்கே அவ்வளவு உசிர். என் வாகைக்கு இருக்காதா?

கையெழுத்து இல்லை. எப்போதும் இல்லை.

நாளை மத்தியானம் அந்த அடிக்கட்டைக்கு மேலே கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்காருங்கள். உச்சி வெயிலில் இருந்து பொழுது சாய்கிற வரைக்கும். நான் வருகிற வரை தினமும். அங்கே என்ன இருந்தது என்று உங்கள் உச்சந்தலைக்குத் தெரியட்டும். சுற்றிப் பாத்தி கட்டி, குளித்த தண்ணீரை அதற்கு விடுங்கள். அங்கன வேர் அழுகாது.

உட்காரவில்லை என்று தெரிந்தால் நான் மலையை விட்டு இறங்க மாட்டேன். இங்கே சோறு நன்றாகவே இருக்கிறது.

முத்தழகு

ஊர்
15.8.2025

முத்தழகு,

உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டேதான் எழுதுகிறேன். பாத்தி கட்டியாச்சு.

ஜேசிபி வந்தது. "பெரியவரே, கட்டில எடுங்க, தோண்டணும்" என்றான். "எடுக்க முடியாதுப்பா, எம் பொண்டாட்டி உக்காரச் சொல்லியிருக்கா" என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"அவ வர்ற வரைக்கும்."

இஞ்சினை அணைத்துவிட்டு சோலார் ஆபீசுக்குப் போன் போட்டான். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சோலார் ஆபீசில் இருந்து போன் வந்தது. கையெழுத்து கிடையாது என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆடுகளை அவிழ்த்துவிட்டேன். எல்லாம் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன. அவற்றுக்கு நிழல் இருக்கிறது. எனக்குத்தான் மண்டை கொதிக்கிறது. குடை பிடித்துக்கொள்ளலாமா?

தர்மராஜ்

மலை முகாம்
16.8.2025

மச்சானுக்கு,

இதை அனுப்புவதற்கென்றே சுரேஷ் தம்பி இரண்டாம் தரம் கீழே போகிறார்.

குடை கூடாது. தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மோர் குடியுங்கள்.

நாளைக்குப் பொழுது சாய வாரேன். நான் வந்ததும் கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

முத்தழகு